எர்த்

இனாயத் பாய்,
உங்கள் ரெகுலேட்டரில் குறை எதுவும் இல்லை.
இதைச் சொல்லத்தான் பழையபேட்டை வரை வந்தேன்.
இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது மறந்துவிட்டது.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
நீங்கள் வரும்வரை ஒத்திகை பார்க்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷத்து எஸ்டி.
பர்கூரில் ஒரு கிரானைட் பட்டறைக்குப் பின்னால்
கல்மாவு பூசிக் கிடந்ததைப்
பதினோராயிரத்துக்கு வாங்கினேன்.
கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான் என்று தெரியாமல்
முதல் நாளே கணுக்கால் வீங்கியது.

ஃபிரேமை உரித்து
ஓசூரில் பவுடர் கோட்டிங் கொடுத்தேன்,
நாவல்பழக் கறுப்பு.
திரும்பி வந்த அன்று
போல்ட் ஓட்டைக்குள்ளும் விரல் விட்டுப் பார்த்தேன்.
அங்கேயும் வழவழப்பு.
விடாமல் அடித்திருக்கிறான் என்று
பெயிண்டருக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் அந்தச் சிவப்பு விளக்கு.
முறுக்கினால் அணைய வேண்டும்.
அணையவில்லை.

மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன்.
பெங்களூரா லாரி லாரியாய் இறங்கும்.
ராத்திரி முழுக்கச் சர்க்கரை அளவும் புளிப்பும் குறித்துவிட்டுக்
காவேரிப்பட்டணம் ரோட்டில் திரும்பி வந்தால்
ஹெட்லைட் மஞ்சளாகி, பழுப்பாகி,
டோல்கேட் தாண்டும்போது
ஒரு பீடி நுனி.
ஹார்ன் அடித்தால் எஞ்சினுக்கு விக்கல்.

லேபில் இருந்து மீட்டர் எடுத்துவந்தேன்.
சும்மா நின்றால் ஆறு புள்ளி மூன்று.
முறுக்கினால் ஆறு புள்ளி ஒன்று.
ஏழைத் தொட வேண்டிய இடத்தில்
கீழே இறங்குகிறது.

கார்பன் பிரஷ் மாற்றினேன்.
கம்யூட்டேட்டரை உப்புத்தாளால் தேய்த்தேன்,
செம்பு சிரிக்கும்வரை.
ஃபீல்டு ஒயரைக் கழற்றி
எஞ்சின் மேலேயே ஒரு நொடி தொட்டேன்:
முள் பத்தைத் தாண்டிக் குதித்தது.
டைனமோ நல்லவன்.
பேட்டரி புதுசு.
மீதி இருப்பது ஒருவர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
உங்கள் கடையில் நான்கு பேர் நின்றார்கள்.
"டூப்ளிகேட் சாமான்" என்று நான் கத்தியதைக் கேட்டு
புல்லட்டுக்குக் கேபிள் வாங்க வந்த பையன்
வாங்காமலே போனான்.
ரெகுலேட்டரைக் கவுண்டர் மேல் போட்டேன்.
கண்ணாடியில் ஓரத்திலிருந்து ஓரம் வரை
ஒரு கோடு ஓடியது.
நீங்கள் கோட்டைப் பார்த்தீர்கள்.
இன்னொன்றை எடுத்து நீட்டினீர்கள்.
காசு கேட்கவில்லை.
அதையும் நான்
குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

புதுசு மாட்டினேன்.
சிவப்பு அப்படியே.

நேற்று ராத்திரி ஒன்றரை மணி,
லண்டன்பேட்டையில் என் வாடகை வீட்டு வாசல்.
எஞ்சின் ஓடுகிறது,
மாடியில் வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டுகிறார்.
மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில்.
சிவப்பு முனை கை வழுக்கி
ரெகுலேட்டரின் வெறும் தகரத்தில் பட்டது.
இரண்டரை வோல்ட்.
அங்கே சைபர் இருக்க வேண்டும் பாய்.
அந்தத் தகரமும் பேட்டரியும்
ஒரே மண்ணில் நிற்க வேண்டும்.

என் சாமர்த்தியம் இல்லை.
கை வழுக்கியது, அவ்வளவுதான்.

போல்ட்டைக் கழற்றினேன்.
கீழே நாவல்பழக் கறுப்பு,
கெட்டியாக, அழகாக,
ஒரு சொட்டு மின்சாரம் நுழைய முடியாதபடி.
மாங்காய் வெட்டும் கத்தியால் சுரண்டினேன்.
ஒரு ரூபாய் அகலத்துக்கு
வெள்ளையாய் இரும்பு வந்தது.
முடுக்கினேன். உதைத்தேன். முறுக்கினேன்.

அணைந்தது.

வீட்டுக்காரர் கீழே வந்து
என்னம்மா என்றார்.
மூன்று மாதமாக எல்லார் மேலும்
சிவப்பு முனையை வைத்துப் பார்த்தேன்,
கறுப்பு முனை எங்கே நிற்கிறது என்று
ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை
என்று அவரிடம் எப்படிச் சொல்வது.
ஒன்றுமில்லை சார், ரெடியாயிடுச்சு என்றேன்.

தொழுகை முடிந்து
தெரு முழுக்க வெள்ளைத் தொப்பிகள்.
உச்சி வெயிலில் எஞ்சினை ஓடவிட்டு
ஹெட்லைட்டைப் போட்டிருக்கிறேன்.
ஸ்கூட்டரில் போகும் ஒரு சின்னப் பையன்
விரல்களை மூடித் திறந்து காட்டுகிறான்:
அக்கா, லைட்டு, லைட்டு.
தெரியும்டா.

அதோ, திருப்பத்தில் நீங்கள்.
ஒத்திகை பார்த்ததில்
ஒரு வாக்கியமும் ஞாபகமில்லை.
கவுண்டர் கண்ணாடி
எத்தனை அடிக்கு எத்தனை அடி
என்று கேட்டு ஆரம்பிக்கலாம்.